பாடாங் திடலின் உள்ளும் புறமும்

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் பிற்பகுதியிலும் ஆகஸ்டின் முற்பகுதியிலுமாகப் பதினெட்டு நாள்கள் சிங்கப்பூரில் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நம் தமக்கையின் மகள் மணமாகி அங்குக் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. "சாமி மாமா ஒரு முறையாவது வந்து எங்கள் வீட்டை மந்திரித்துவிட்டுப் போக வேண்டும்" என்று அவள் ஆண்டுதோறும் கடிதத்திலும், பின்னர்த் தொலைபேசியிலும் வேண்டிக்கொண்டே இருந்தாள். பங்குத் திருவிழா, பள்ளிக் கட்டடம், மழை, வறட்சி என்று ஏதேனும் ஒன்று குறுக்கே நின்றது. இம்முறை ஆயர் அவர்கள் அன்போடு விடைகொடுக்க, புறப்பட்டுவிட்டோம்.

நாம் சென்று சேர்ந்த வேளை அந்நாடு தன் 60ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் வேளையாக அமைந்தது. அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரக் கைப்பிடிகளிலெல்லாம் சிவப்பும் வெள்ளையுமான கொடிகள் தொங்கின. மருமகன் நம் கையில் பெட்டியை வாங்கிய கையோடு, "மாமா, உங்களுக்கு அதிர்ஷ்டம். அணிவகுப்பு முன்னோட்டக் காட்சிக்கு நான்கு சீட்டுகள் விழுந்திருக்கின்றன" என்றார். தேசிய தின அணிவகுப்பைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் குலுக்கலில் சீட்டு விழவேண்டும். குடிமக்களும் நிரந்தரவாசிகளுமே விண்ணப்பிக்கலாம். ஆகஸ்டு 9ஆம் நாளுக்கு முந்திய சனிக்கிழமைகளில், உண்மை விழாவைப் போலவே வேட்டும் வாணமும் விமானமுமாக முன்னோட்டக் காட்சிகள் நடத்துகிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று தனிக்காட்சிகளும் உண்டு. எனவே சிங்கப்பூரில் பள்ளி சென்ற பிள்ளை பெரும்பாலும் ஒருமுறையேனும் இந்த அணிவகுப்பை நேரில் கண்டிருக்கும்.

விழா நடைபெறும் இடத்திற்குப் பாடாங் என்று பெயர். மலாய் மொழியில் அச்சொல்லுக்கு வெளி, திடல் என்பது பொருள். நம் ஊர்ப் பள்ளி மைதானத்தைக் காட்டிலும் பெரிதுதான். எனினும் நாம் மனத்தில் எண்ணியிருந்த அளவுக்குப் பெரிதன்று. ஒரு நாட்டின் முழு வரலாறும் இந்தப் புல்வெளியிலா நடந்தது என்று வியப்புத் தோன்றியது. 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் மலேசியாவிலிருந்து பிரிந்து, விரும்பிப் பெறாத விடுதலையைப் பெற்றது சிங்கப்பூர். அந்நாளில் பிரதமர் லீ குவான் இயூ தொலைக்காட்சியில் பேசுகையில் கண்ணீர்விட்டதை உலகம் கண்டது. மறு ஆண்டு, 1966இல், முதல் அணிவகுப்பு இதே பாடாங்கில் நடந்தது. 1968ஆம் ஆண்டு விழாவன்று பெருமழை கொட்டியது. படைவீரரும் பள்ளிப் பிள்ளைகளும் கலையாமல், நனைந்த உடையோடு அணிவகுத்து நடந்தனர். அந்த மழையைப் பற்றி இன்றும் அங்குள்ள முதியோர், தாமே நனைந்தவர்போலப் பேசுகின்றனர். 1969இல் ஏஎம்எக்ஸ்-13 என்னும் பிரெஞ்சு டாங்கிகள் முதன்முறையாக அணிவகுப்பில் உருண்டு வந்தன. பிரிந்து நான்கே ஆண்டுகளான சிறு தீவு, தன்னைக் காத்துக்கொள்ள இயலும் என்று அண்டை வீட்டாருக்கும் தன் மக்களுக்கும் ஒருங்கே கூறிய சொல் அது.

இந்தத் திடலை நம் மக்களும் அறிவர். 1943ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, டில்லியை நோக்கி நடக்க அறைகூவல் விடுத்தது இங்கேதான். அவ்வழைப்பைக் கேட்டுச் சேர்ந்தவருள் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வடித்த தமிழர் ஏராளமானோர். அப்படையில் மாண்டோருக்கு அருகிலுள்ள பூங்காவில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தை, 1945இல் திரும்பி வந்த ஆங்கிலேயர் தகர்த்தனர். இன்று அவ்விடத்தில் 1995இல் நிறுவிய அடையாளக் கல் ஒன்று நிற்கிறது. நாம் அங்குச் சென்று சற்று நேரம் நின்றோம். அக்கல்லுக்கு முன் நம்மையன்றி ஒருவரும் இல்லை.

பாடாங்குக்குச் சற்றுத் தள்ளி வெண்பளிங்கு போல ஒரு கோவில் தெரிகிறது. ஆங்கிலிக்கன் சபையாரின் தூய அந்திரேயா பேராலயம் அது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகளின் உழைப்பால் எழுந்தது. அதன் சுவர்ப்பூச்சுக்கு 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்றே பெயர். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றை இடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்களாம். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இச்செய்முறை புதிதன்று. கைவிலங்கு போட்டுக் கொண்டுவரப்பட்ட நம் நாட்டான் ஒருவனின் உள்ளங்கை அந்தச் சுவரின் மேல் எத்தனை நாள் இழைந்திருக்கும் என்று எண்ணாமல் அதனைக் கடந்துபோக இயலவில்லை.

நிற்க. முன்னோட்டக் காட்சியன்று பிற்பகல் 4 மணிக்கே வீட்டார் நம்மை அழைத்துச் சென்றுவிட்டனர். சிவப்பு அல்லது வெள்ளை உடுத்துவது வழக்கம் என்றார்கள். நம்மிடம் வெள்ளைக்குக் குறைவில்லை. வாயிலில் நம்மைச் சோதித்த பின் ஆளுக்கொரு பை தந்தனர். அதற்குள் தண்ணீர்ப் புட்டி, தின்பண்டம், மழைக்கு ஒரு மெல்லிய அங்கி, சிறு கொடி, இருளில் ஒளிவிடும் பொருள்கள் என்று என்னென்னவோ இருந்தன. மருமகளின் பன்னிரண்டு வயது மகன் நம் பையையும் தன் மடியில் கவிழ்த்து, பொருள்களுக்கெல்லாம் பொறுப்பேற்றுக்கொண்டான். திடலில் நிரந்தர இருக்கைகள் கிடையா. இரும்புச் சட்டங்களைப் பொருத்தி, படிப்படியாக அரங்கத்தை எழுப்பி, விழா முடிந்ததும் பிரித்துவிடுகிறார்கள். இடது கோடியில், கீழிருந்து எட்டாம் வரிசையில் அமர்ந்தோம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்தும் இடித்தல், தள்ளல், ஏசல் எதுவும் இல்லை. நம் ஊர்த் தேர்த் திருவிழாவை நினைத்துச் சற்றே நாணினோம். அடுத்த கணமே, அந்த இடிபாட்டில் உள்ள ஒரு சுகமும் நினைவுக்கு வந்தது.

மாலை வெயில் சாய்ந்ததும் அணிகள் நுழைந்தன. தரைப்படை, கடற்படை, வான்படை, காவல்துறை, அவற்றின் பின் தொண்டரணிகள், பள்ளி மாணவரணிகள். அப்போது ஒலித்த கட்டளைகளைக் கேட்டு நாம் மருமகனைத் திரும்பிப் பார்த்தோம். 'செடியா' என்றதும் அத்தனை குதிகால்களும் சேர்ந்தன. 'செனாங் டிரி' என்றதும் தளர்ந்தன. அனைத்தும் மலாய் மொழி. அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு 74 பேர் சீனர். மலாய்க்காரர் 13 அல்லது 14 பேரே. இந்திய வழியினர் 9 பேர். எனினும் படையின் கட்டளை மொழியும் நாட்டுப் பண்ணின் மொழியும் மலாயே. பெரும்பான்மையினரின் பிள்ளை, சிறுபான்மையினரின் சொல்லுக்குக் கால் தூக்கி வைக்கிறான். அதில் குறைபட்டுக்கொள்ள ஏதும் இருப்பதாக அவன் எண்ணுவதாகவும் தெரியவில்லை. இந்தியாவில் மொழியின் பெயரால் நடந்தவற்றை இளமையிலிருந்தே கேட்டு வளர்ந்த நமக்கு, அன்று மாலை கண்ட காட்சிகளுள் இதுவே பெரும் காட்சியாகப் பட்டது.

வீரர்கள் துப்பாக்கிகளை வானோக்கி உயர்த்தி, ஒருவர்பின் ஒருவராக வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை வெடித்த வேட்டொலி, சரவெடி ஓடுவதுபோல் ஓடியது. பின்னர் நாட்டுப்பண் எழ, இரட்டைச் சுழலிகள் கொண்ட பெரிய ஹெலிகாப்டர் ஒன்று மாபெரும் கொடியைத் தொங்கவிட்டுக்கொண்டு, சிறிய போர் ஹெலிகாப்டர்கள் இருபுறமும் காவலாகப் பறந்துவர, மெல்ல மெல்ல வானில் கடந்தது. அதுவரை கைதட்டி ஆரவாரித்த கூட்டம் ஓசையடங்கி நின்றது. அப்பண்ணை 1958இல் இயற்றியவர் ஜுபிர் சயீத். அவர் சுமத்திராத் தீவிலிருந்து இளமையில் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்து, திரைப்படங்களுக்கு இசையமைத்தவர். டாங்கிகளும் கவச வண்டிகளும் சாலை அதிர உருண்டு சென்றபோது சிறுவர் எழுந்து நின்று கூவினர். நாம் கூவவில்லை. இரும்பைக் கண்டு மகிழும் வயது நமக்குக் கடந்துவிட்டது போலும்.

அணிவகுப்பின் பின் கலைக்காட்சி. அதைப்பற்றி மிகுதியாகப் புகழ்ந்துரைக்க நம்மால் இயலாது. நூற்றுக்கணக்கானோர் ஆடினர், பாடினர். அவர்களுள் பெரும்பாலோர் பல மாதங்கள் தம் ஓய்வு நாள்களைத் தந்து பயின்ற தொண்டர்கள் என்று கேட்டு மதித்தோம். ஆயினும் வண்ண விளக்குகளும் ஒலியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கண் களைத்தது. பளபளப்பு எத்தனை கூடியதோ அத்தனை நாம் விலகினோம். இதைச் சொன்னபோது மருமகள், "மாமாவுக்கு வயதாகிவிட்டது" என்றாள். இருக்கலாம். பல ஆண்டுகளாக இவ்விழாக்களில் பாடப்பட்டு வரும் 'முன்னேறு வாலிபா' என்ற தமிழ்ப் பாடலைப் பற்றிய பேச்சு வந்தது. எஸ். ஜேசுதாசன் என்பார் 1960களில் இயற்றியது. தமிழ் அறியாத சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் பள்ளியில் இதைக் கற்றுப் பாடுகின்றனராம். வீட்டில் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவான ஒரு நாட்டில், மற்றவரின் பிள்ளைகள் வாயில் ஒரு தமிழ்ப் பாட்டு! அதை முணுமுணுத்த மருமகனின் குரலும், உண்மையைச் சொன்னால், சுருதியில் இல்லை. ஆயினும் கேட்க இனிமையாக இருந்தது.

இறுதியில் உறுதிமொழி. அனைவரும் எழுந்து, வலக்கையின் முட்டியை மடக்கி இடப்புற நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டனர். நாமும் எழுந்தோம். நம் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. உயர்த்தினால் பொய்யாகும், தொங்கவிட்டால் விருந்தோம்பியவர்க்கு மரியாதைக் குறைவாகுமோ என்ற கலக்கம். ஈற்றில் கைகளைக் கூப்பி நின்றோம். பூசை வைக்கும் கைகளுக்கு அதுவே பழக்கம். அவ்வுறுதிமொழியை 1966இல் வரைந்தவர் எஸ். இராசரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து, மலாயாவின் சிரம்பானில் வளர்ந்து, சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானவர். பண் இயற்றியவர் சுமத்திராவிலிருந்து வந்தவர், உறுதிமொழி எழுதியவர் ஈழத்தில் பிறந்தவர். 2023இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தர்மன் சண்முகரத்தினமும் யாழ்ப்பாணத் தமிழ் வழியினரே. வந்தவர்களால் ஆன நாடு என்பதை இதனினும் தெளிவாக எவ்வாறு சொல்வது?

இரயிலில் திரும்புகையில் சிறுவனிடம், "அந்த உறுதிமொழி தமிழில் உண்டா?" என்று கேட்டோம். "உண்டு, சாமித் தாத்தா" என்று, நெரிசலுக்கு நடுவிலேயே கையை நெஞ்சில் வைத்துச் சொல்லிக் காட்டினான். சிங்கப்பூர்க் குடிமக்களாகிய 'நாம்' என்று தொடங்குகிறது. அச்சொல் நம் செவியில் தங்கிவிட்டது. ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். தமிழிலோ கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். கேட்பவரை விலக்கிச் சொன்னால் நாங்கள். மறுநாள் பலகாரத் தட்டோடு வந்த எதிர்வீட்டு மலாய் மூதாட்டியிடம் இதனைக் கூறினோம். ஓய்வுபெற்ற ஆசிரியையான அவர் வியந்து, மலாயிலும் அவ்வாறே இரு சொற்கள் உண்டென்றார். கேட்பவரும் உட்பட்டால் கீத்தா, உட்படாவிட்டால் காமி. "உறுதிமொழியில் எது?" என்றோம். ஒருகணம் தமக்குள் சொல்லிப் பார்த்து, "காமி" என்று கூறிச் சிரித்துவிட்டார். ஆறு பத்தாண்டுகளில் இதை எண்ணிப் பார்த்ததே இல்லையாம்.

ஆக, ஒரே உறுதிமொழி தமிழில் அருகில் நிற்பவனையும் சேர்த்துக்கொள்கிறது. மலாயில் எதிரில் நின்று கேட்பவனைப் பார்த்து, 'எங்களைச் சொல்கிறோம்' என்கிறது. எது சரி? குடிமக்கள் தமக்குள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கு என்று கொண்டால் நாம் என்பதே பொருந்தும். கடவுள் முன்போ உலகத்தின் முன்போ கூறும் வாக்கு என்று கொண்டால் நாங்கள் என்பதில் குற்றமில்லை. கர்த்தர் கற்பித்த செபத்திலும் 'எங்கள் தந்தையே' என்கிறோமேயன்றி, 'நம் தந்தையே' என்பதில்லை அல்லவா? கேட்பவர் அவரே ஆதலால் அவ்வாறு. இலக்கணம் படித்தவரின் வீண் ஆராய்ச்சி என்று வாசக அன்பர்கள் எண்ணக்கூடும். நாமும் அவ்வளவில் விட்டிருப்போம், ஆகஸ்டு 9ஆம் நாள் மாலை வராமல் இருந்திருந்தால்.

அன்று காலை ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயத்துக்குச் சென்றோம். 1888இல் எழுந்த அவ்வாலயம் தமிழ்க் கத்தோலிக்கரின் தாய்க்கோவில். வெளியே வருகையில், "சாமி, தோத்திரம். என்னைத் தெரியுதா?" என்று ஒருவர் நம் முன் கைகூப்பி நின்றார். தெரியவில்லை. சிவகங்கைப் பக்கத்துப் பங்கொன்றில் நாம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த காலத்தில் பீடச் சிறுவனாக மணியடித்தவர் என்று சொன்ன பிறகே, நாற்பதை நெருங்கும் அம்முகத்துக்குள் பத்து வயதுப் பையனின் முகம் தெளிந்தது. நாம் வந்திருக்கும் செய்தி ஊரிலிருந்து தொலைபேசி வழியே அவரை எட்டியிருக்கிறது. பதினாறு ஆண்டுகளாகக் கட்டட வேலை. நான்காண்டுகள் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் இரயில் தடத்தின் சுரங்கத்தில் உழைத்திருக்கிறார். "சாயங்காலம் எங்கூட வாங்க சாமி, வாணவேடிக்கை பார்ப்போம். வெளியே நின்னு பார்க்க நல்ல இடம் எனக்குத் தெரியும்" என்று அழைத்தார். மறுக்கத் தோன்றவில்லை.

முள்பழம் போன்ற கூரை கொண்ட எஸ்பிளனேட் கலையரங்கின் முன்னே விரிகுடாக் கரையில் மக்கள் நெருங்கி நின்றனர். குலுக்கலில் சீட்டு விழாத குடிமக்கள் குடும்பத்தோடு பாய் விரித்து அமர்ந்திருந்தனர். வங்காளதேசத்துத் தொழிலாளர், பிலிப்பைன்ஸ் பணிப்பெண்கள், மியன்மார் இளைஞர், நம் தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரத்து ஆள்கள் ஆகியோர் மரத்தடிகளிலும் படிகளிலும் நின்றனர். யாரும் யாரையும் விலக்கவில்லை. வேலி அனைவருக்கும் ஒரே வேலிதான். நம் அன்பர் தம் கைப்பேசியில் 'வசந்தம்' தொலைக்காட்சியின் நேரடி ஒளிபரப்பை வைத்துக்கொண்டார். தமிழில் வருணனை வந்தது. ஆனால் படம் சில நொடிகள் பிந்தியே வந்தது. பீரங்கி முழக்கம் முதலில் நம் நெஞ்சில் அதிரும். பிறகே கைப்பேசியில் புகை எழும். போர் விமானங்கள் தலைக்கு மேல் கிழித்துச் சென்று மறைந்த பின், வருணனையாளர், "இதோ வருகின்றன" என்பார். சுற்றி நின்றோர் ஒவ்வொரு முறையும் சிரித்தனர்.

"ஆண்டுதோறும் இங்கு வருவதுண்டா?" என்று கேட்டோம். இல்லை என்றார். விடுமுறை நாளில் வேலை செய்தால் கூடுதல் கூலி கிடைக்குமாம். ஆகையால் தேசிய தினத்தன்று பெரும்பாலும் வேலைக்குச் சென்றுவிடுவாராம். "2020லதான் சாமி நான் முழுசா நின்னு பார்த்தேன்" என்றார். அந்த ஆண்டு பெருந்தொற்று தொழிலாளர் விடுதிகளில் பரவி, அவர்கள் மாதக்கணக்கில் வெளியே வர இயலாமல் இருந்ததை நாம் செய்தித்தாளில் படித்திருந்தோம். பெருங்கூட்டம் கூடாதென்று அவ்வாண்டு விழாவைத் தீவின் பல பகுதிகளுக்கும் பிரித்து நடத்தினர். "ஒன்பதாந் தேதி ஹெலிகாப்டர் கொடியத் தூக்கிட்டுத் தூரத்துல போச்சு. மாடித் தாழ்வாரத்துல வரிசையா நின்னு எல்லாரும் கைதட்டினோம். ஏன் தட்டினோம்னு தெரியல. மூணு மாசமா வானத்துல வேற ஒண்ணும் போகல." இதை அவர் வருத்தமாகவும் கூறவில்லை, வேடிக்கையாகவும் கூறவில்லை.

"இன்றும் வேலைக்குப் போயிருக்கலாமே?" என்று கேட்டபின்பே நம் கேள்வியின் பேதைமை நமக்கு விளங்கியது. "சாமி வந்திருக்கீங்கன்னுதான்" என்றார். ஒரு நாள் கூடுதல் கூலி ஊரில் எத்தனை நாள் அரிசியாகும் என்று கணக்கிடத் தெரிந்தவர்தாம் நாம். பேச்சை மாற்றுவதற்காகப் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தோம். இரு பெண்கள், மூத்தவள் பத்தாம் வகுப்பு. அவள் புதுநன்மை வாங்கிய நாளில் இவர் சுரங்கத்துக்குள் இருந்திருக்கிறார். வேலை அனுமதிச் சீட்டில் வருவோர் குடும்பத்தை உடன் அழைத்துவர இயலாது. ஈராண்டுக்கு ஒருமுறை ஒரு மாதம் ஊர். இந்நாட்டின்மேல் மனக்குறை உண்டா என்றதற்கு, "கூலி சரியா வருது. பொம்பளப் பிள்ளைங்க படிக்குது. ராத்திரி பன்னண்டு மணிக்கும் பயமில்லாம நடக்கலாம்" என்றார். பிறகு சற்றுப் பொறுத்து, "ஆனா வயசானா இங்க இருக்க முடியாது சாமி. அது தெரிஞ்சுதானே வந்தோம்" என்றார்.

நாட்டுப்பண் ஒலித்தது. கரையில் அமர்ந்திருந்தோர் எழுந்தனர். நம் அன்பர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் அந்த மலாய்ப் பண்ணை முழுமையாகப் பாடினார். "பொருள் தெரியுமா?" என்றோம். "பொருள் தெரியாது. பதினாறு வருசமாக் கேக்குறேன், ராகம் வந்துடுச்சு" என்றார்.

கலைக்காட்சி நடந்த நேரம் முழுதும் நாங்கள் இருவரும் கடலைப் பொட்டலம் ஒன்றைப் பகிர்ந்துகொண்டு ஊர்க் கதை பேசினோம். கண்மாய் தூர்ந்தது, கோவில் கோபுரத்தில் விரிசல் கண்டது, யார் யார் மறைந்தார்கள் என்று பேச்சு நீண்டது. திடலின் உள்ளே அமர்ந்திருந்த மாலையைவிட அந்நேரம் விரைவாகக் கழிந்தது.

உறுதிமொழியும் வந்தது. நமக்கருகே தந்தையின் தோள்மேல் அமர்ந்திருந்த சீனச் சிறுமி தன் குட்டிக் கையை முட்டியாக மடக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு, கடற்காற்றில் உரக்கக் கூறினாள். கரையெங்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் உயர்ந்தன. நம் அன்பர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக நின்றார். கைகள் இருபுறமும் தொங்கின. உள்ளே நாம் கலங்கியதுபோல் அவர் கலங்கவில்லை. தம் கையின் இடம் எது என்பதை அவர் நெடுநாளாக அறிவார். இம்முறை நாமும் அவரைப்போலவே நின்றோம்.

பின்னர் வாணங்கள் வெடித்துப் பூவாய்ச் சிதறி, நீரில் இரட்டித்துத் தெரிந்தன. வங்காளத்து இளைஞர் ஒருவர் அதனைத் தம் வீட்டாருக்குக் கைப்பேசியில் நேரே காட்டிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டு வியந்தாள். புகை அடங்கிக் கூட்டம் கலையத் தொடங்கியது. விடுதிக்குச் செல்லும் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்றார் அன்பர். நடந்துகொண்டே, திங்கட்கிழமை முதல் தமக்கு வேறிடத்தில் வேலை என்றார். எங்கே என்று கேட்டோம்.

"பாடாங்லதான் சாமி. உள்ளே அந்த இருக்கை அரங்கம் இருக்குல்ல, அதைப் பிரிக்கணும். கட்டும்போதும் ரெண்டு வாரம் ராத்திரி வேலை பார்த்தேன்." பிறகு நின்று, சற்றே ஆவலோடு கேட்டார்: "சாமி அன்னைக்கு உள்ள எந்தப் பக்கம் உட்கார்ந்தீங்க?"

இடது கோடியில், கீழிருந்து எட்டாம் வரிசையில் என்று சொன்னோம்.

"ஆட்டம் ஒண்ணும் இல்லையே?"

"அசையவே இல்லை" என்றோம்.

"அந்தப் பக்கம் நாங்கதான் கட்டினோம்" என்று சொல்லித் தொப்பியை மீண்டும் தலையில் வைத்துக்கொண்டு, பேருந்து நிற்கும் இடத்தை நோக்கி நடந்தார்.